பிரிண்டரில் மை அடைத்துக்கொண்டால்



நமது டிரஸ்ட்டின் தொழில் உதவித் திட்டத்தில் தையல் மெஷின், ஓவர்லாக் மெஷின், கிரைண்டர் ஆகியவற்றோடு சில குடும்பங்களுக்கு இங்க் டேங்க் பிரிண்டரும் வாங்கிக் கொடுத்திருந்தோம். தையல் மெஷின்கள் அநேகமாக எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன. பிரிண்டர்களில் பாதி மூலையில் துணி போர்த்திக் கிடக்கின்றன. விசாரித்தால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: "ஹெட் போயிடுச்சுங்க." மெஷினைக் கொடுத்த நாங்கள், அதைப் பேணும் விதத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை. தையல் மெஷினுக்கு எண்ணெய் விட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். பிரிண்டருக்கு என்ன வேண்டும் என்று யாருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாமல்தான் இருந்தது. அந்தக் குறையை இந்த இதழில் தீர்க்கப் பார்க்கிறோம்.

இதை எழுத வைத்தவர் நம் மஹல்லா சகோதரி ஒருவர். அவருடைய கணவர் வீட்டு முன்னறையில் பிரிண்டரை வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் படம், விண்ணப்பப் படிவம், நிக்காஹ் அழைப்பு என்று அடித்துக் கொடுத்து வந்தார். அவர் மவுத்தானபின் சகோதரி நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்தார். அத்தனை நாளும் பிரிண்டர் பிளக்கைப் பிடுங்கியபடியே கிடந்தது. இத்தா முடிந்து, ஜூன் மாதம் பள்ளி திறந்த நேரத்தில் ஆன் செய்தால் வெள்ளைத் தாள் அப்படியே வெள்ளையாக வெளியே வருகிறது. பக்கத்து வீட்டுப் பையன் ஹெட் கிளீனிங் கொடுத்திருக்கிறான், ஒரே நாளில் பதினான்கு முறை. டேங்கில் இருந்த மை கால்வாசிக்கு இறங்கியது, தாளில் ஒரு கோடு கூட விழவில்லை. டவுனில் ஒரு கடையில், புது மெஷின் விலையில் பாதி ஆகும் என்றார்கள். சகோதரி அதைத் தூக்கிக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வந்து, "அண்ணா, நீங்க கொடுத்த பொருளு பாழாப் போச்சுங்க, திருப்பி எடுத்துக்கோங்க" என்றார். ஜகாத் நிதியிலிருந்து கொடுத்த பொருள் கொடுத்த அன்றே வாங்கியவருக்குச் சொந்தம், திருப்பி எடுக்க எங்களுக்கு உரிமை கிடையாது. ஆகவே ரிப்பேர் பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

எங்கள் வயதுக்காரர்கள் பள்ளியில் மைப்பேனாவில் எழுதியவர்கள். கோடை விடுமுறை முழுவதும் மூடி திறந்தபடி கிடந்த பேனா, பள்ளி திறக்கும் நாளில் எழுதாது. அதற்காகப் பேனாவைத் தூக்கி எறிந்தோமா? நிப்பையும் நாக்கையும் கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு வைப்போம், காய்ந்த மை நூல் நூலாகக் கரைந்து இறங்கும். பிரிண்டர் ஹெட்டும் பேனா நிப்புதான். ஒரு நிப்புக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான நிப்புகள் இருக்கின்றன, அவ்வளவுதான் வேறுபாடு. உதாரணமாக எப்சன் எல்3110 மெஷினில் கறுப்புக்கு 180 துளைகள், மற்ற மூன்று நிறங்களுக்கும் தலா 59 துளைகள். இந்த வகை ஹெட்டுகளில் ஒரு துளையின் அகலம் நம் தலைமுடியின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட வராது. அதிலிருந்து விழும் மிகச் சிறிய சொட்டு 3 பிகோலிட்டர். ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு பிகோலிட்டர். இவ்வளவு நுண்ணிய வாயில் மையின் ஈரம் வற்றினால் அடைத்துக்கொள்ளாமல் என்ன செய்யும்?

வைத்தியத்துக்கு முன்னால் உங்கள் வீட்டு மெஷின் எந்த வகை என்று தெரிந்துகொள்வது அவசியம். ஹெட் இரண்டு வகைப்படும். கேனன், ஹெச்.பி. மெஷின்களில் துளைக்குப் பின்னால் மிகச் சிறிய ஹீட்டர் இருக்கிறது. அது கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பொழுதில் சூடாகி மையில் ஒரு கொப்புளத்தை எழுப்பும், கொப்புளம் தள்ள சொட்டு வெளியே பாயும். 1977-ல் கேனன் ஆய்வுக்கூடத்தில் இச்சிரோ எண்டோ என்பவர் மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசியில் தற்செயலாகச் சூடான சால்டரிங் அயர்ன் பட்டு மை பீறிட்டதைக் கண்டார். அங்கிருந்து பிறந்தது இந்த முறை. எப்சன் மெஷின்களில் சூடு கிடையாது. மின்சாரம் பட்டால் வளையும் பீசோ என்னும் பொருள் துளைக்குப் பின்னால் நின்று மையை நெட்டித் தள்ளுகிறது. மின்சாரத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பை 1880-ல் பிரான்ஸில் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். எப்சன் இதைக் கொண்டு 1993-ல் தன் ஹெட்டைச் செய்தது.

இந்தக் கதையில் நமக்கு வேண்டியது ஒன்று உண்டு. சூடாகும் வகை ஹெட்டில் மை இல்லாமல் தொடர்ந்து அடித்தால் உள்ளே இருக்கும் ஹீட்டர் கருகிவிடும், பிறகு எத்தனை கழுவினாலும் வராது. ஆனால் அந்த ஹெட் பெரும்பாலும் கையால் கழற்றக்கூடியது. ஹெச்.பி. 803 போன்ற கார்ட்ரிட்ஜில் ஹெட் கார்ட்ரிட்ஜோடு சேர்ந்தே வரும், கேனன் ஜி2000, ஜி3000 போன்ற டேங்க் மெஷின்களிலும் ஹெட்டைக் கழற்றி மாற்றலாம். எப்சனில் ஹெட் மெஷினோடு சேர்ந்தது. எளிதில் கருகாது, ஆனால் மாற்ற வேண்டி வந்தால் செலவு பெரிது.

முதலில் அடைப்புதானா என்று பாருங்கள். கம்ப்யூட்டரில் பிரிண்டர் அமைப்புக்குள் மெயின்டனன்ஸ் என்ற பகுதியில் நாஜில் செக் என்று இருக்கும். அதைக் கொடுத்தால் படிக்கட்டு போலச் சிறுசிறு கோடுகள் நிறம் நிறமாக விழும். எந்தக் கோடு விழவில்லையோ அந்தத் துளை மை விடவில்லை. ஒரு தாளோடு நிறுத்தாமல் இரண்டு, மூன்று தாள் எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். எல்லாத் தாளிலும் அதே இடத்தில் கோடு விடுபட்டிருந்தால் அது காய்ந்த மையின் அடைப்பு. ஒரு தாளில் இங்கும் மறு தாளில் வேறிடத்திலும் விடுபட்டால் அது அடைப்பல்ல, குழாயில் காற்று புகுந்திருக்கிறது. டேங்கைக் காலியாக விட்ட வீடுகளில் இதுதான் நடக்கிறது. காற்றுக்கு மருந்து பொறுமை. மையை நிரப்பிவிட்டு, ஆஃப் செய்து, ஒரு இரவு அசையாமல் விட்டாலே பெரும்பாலும் குமிழ்கள் அடங்கிவிடும். இதைத் தெரியாமல் ஹெட்டைக் கழுவப் போனால் நன்றாக இருக்கும் ஹெட்டும் கெடும்.

அடைப்பு என்று உறுதியானால் மெஷினின் சொந்த ஹெட் கிளீனிங்கைக் கொடுக்கலாம். ஆனால் கணக்கு உண்டு. எல்3110 கையேட்டில் எப்சன் நிறுவனமே சொல்வது இது: நாஜில் செக்கும் கிளீனிங்கும் மாற்றி மாற்றி மூன்று முறை, அதற்கும் சரியாகாவிட்டால் குறைந்தது 12 மணி நேரம் எதுவும் அடிக்காமல் விட்டுவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். அந்த 12 மணி நேரத்தில்தான் மையின் ஈரம் உறைந்த மைக்குள் மெல்ல ஊறும். நம்மவர்களுக்கு மூன்று முறையும் பிடித்திருக்கிறது, பன்னிரண்டு மணி நேரம்தான் பிடிக்கவில்லை. ஒவ்வொரு கிளீனிங்கிலும் மை உறிஞ்சப்பட்டு மெஷினுக்கு அடியில் இருக்கும் பஞ்சு அட்டையில் போய்ச் சேர்கிறது. அது நிரம்பிவிட்டதாக மெஷின் கணக்கு வைத்துவிட்டால், ஹெட் நன்றாக இருந்தாலும் பிரிண்டர் வேலை செய்ய மறுக்கும். பதினான்கு முறை கொடுத்த பையனுக்கு இது தெரியாது, அவன் நல்ல எண்ணத்தில்தான் செய்தான். பவர் கிளீனிங் என்று இன்னொன்று இருக்கிறது. அது குழாயில் உள்ள மை முழுவதையும் வெளியேற்றிப் புது மையை இழுக்கும். எல்லா டேங்கிலும் மூன்றில் ஒரு பங்காவது மை இல்லாமல் அதைத் தொடக்கூடாது, தொட்டால் குழாய் முழுக்கக் காற்றாகிவிடும். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தண்ணீர். இதுதான் இந்தப் பாடத்தில் முக்கியமான பகுதி, எங்கள் கை சுட்டுக்கொண்ட பகுதியும் கூட. கொரோனா காலத்தில் அலுவலக பிரிண்டர் அடைத்துக்கொண்டபோது, மேஜையில் இருந்த சானிடைசரையும் குழாய்த் தண்ணீரையும் மாற்றி மாற்றி விட்டுக் கழுவினோம். அன்று கொஞ்சம் அடித்தது, ஒரு வாரத்தில் அடியோடு நின்றது. காரணம் பிறகு புரிந்தது. நம் பக்கத்து போர்வெல் தண்ணீரைச் சுட வைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக என்ன படிகிறது என்று வீட்டில் கேட்டால் சொல்வார்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நல்ல நீர் இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். திருப்பூர்ப் பக்கம் சாயக் கழிவின் உப்பு நொய்யலிலும் நிலத்தடியிலும் இறங்கி, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரை நாம் எல்லாரும் பார்த்தோம். குடிக்கத் தகும் தண்ணீரே ஹெட்டுக்குத் தகாது. நீர் வற்றியதும் உப்பு துளையிலேயே தங்கும், காய்ந்த மையைத் தண்ணீர் கரைக்கும், அந்தச் சுண்ணாம்பைத் தண்ணீர் கரைக்காது. சானிடைசரில் சாராயத்தோடு ஜெல், கிளிசரின் எல்லாம் கலந்திருக்கிறது. அதுவும் வேண்டாம். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் ஆகியவை ஹெட்டின் பிசினையும் ரப்பரையும் தின்றுவிடும்.

வேண்டியது டிஸ்டில்டு வாட்டர். இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் என்று கேட்டால் பேட்டரிக் கடையிலும் பெட்ரோல் பங்க்கிலும் கிடைக்கும். பாட்டிலைப் படித்து வாங்குங்கள், அதே கடையில் பேட்டரி ஆசிட்டும் விற்பார்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதைக் குடிதண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்க வேண்டாம்.

எப்சன் போல ஹெட் கழற்ற முடியாத மெஷினுக்கு நாங்கள் செய்யும் முறை இது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஹெட் வலது ஓரத்தை விட்டு நகர்ந்ததும் பிளக்கைப் பிடுங்க வேண்டும். இப்போது ஹெட் கைக்கு இலகுவாக நகரும், இடது பக்கம் ஒதுக்குங்கள். வலது ஓரத்தில் ஒரு சிறிய ரப்பர்த் தொட்டியும் அதற்குள் ஸ்பாஞ்சும் தெரியும். மெஷினை முறையாக ஆஃப் செய்தால் ஹெட் வந்து அமரும் மூடி அதுதான், பேனா மூடி போல. அதன் விளிம்பைப் பாருங்கள். நம் ஊரில் பாதி வீடுகளில் பிரிண்டர் இருக்கும் அறையிலேயே பீஸ் செக்கிங்கும் பிசிர் வெட்டுவதும் நடக்கிறது. அந்தப் பஞ்சுத் தூசு மையோடு சேர்ந்து விளிம்பில் கம்பளி போலப் படிந்திருக்கும். நனைந்த காட்டன் பட்ஸால் அதைத் துடைத்தெடுத்தாலே பல மெஷின்கள் பிழைத்துக்கொள்கின்றன, ஏனெனில் விளிம்பு சரியாகப் பொருந்தாவிட்டால் உள்ளிருக்கும் பம்பு காற்றைத்தான் உறிஞ்சும், மையை உறிஞ்சாது. பம்பைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. அந்தத் தொட்டியில் நாலு சொட்டு டிஸ்டில்டு வாட்டர் விட்டு, பிளக்கைச் சொருகி ஒரு கிளீனிங் கொடுங்கள். முடிந்தபின் தண்ணீர் அப்படியே நின்றால் கோளாறு ஹெட்டில் இல்லை, பம்பிலும் அதன் குழாயிலும் இருக்கிறது. இதை மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டால் "ஹெட் போச்சு" என்ற பேச்சே வராது. சொல்லத் தெரியாதவர்களுக்குத்தான் ஹெட் அடிக்கடி போகிறது.

பம்பு நன்றாக இருந்தால் பிறகு ஊற வைப்பது. பிசிர் உதிராத டிஷ்யூ தாளை இரண்டு விரல் அகலப் பட்டையாக மடித்து, தாள் போகும் பாதையில் வைத்து, டிஸ்டில்டு வாட்டரால் நனைத்து, ஹெட்டை அதன் மேல் கொண்டுவந்து நிறுத்துங்கள். சொட்டச் சொட்ட நனைக்க வேண்டாம், ஹெட்டின் அடிப்புறம் ஈரத்தைத் தொட்டால் போதும். ரப்பர்த் தொட்டியிலும் சில சொட்டு விட்டு வையுங்கள். அஸருக்கு வைத்தால் இஷா முடிந்து வந்து எடுக்கலாம். டிஷ்யூவில் நிறம் நிறமாகக் கறை இறங்கியிருந்தால் மை கரைகிறது என்று பொருள். எடுக்கும்போது ஹெட்டை நகர்த்திவிட்டுத் தாளை உருவுங்கள், இழுக்காதீர்கள். தாளை எடுக்காமல் மெஷினை ஆன் செய்வது மட்டும் கூடாது. பிறகு ஒரு கிளீனிங், ஒரு நாஜில் செக். போதாதென்றால் மறுநாள் இதையே செய்யலாம்.

சிரிஞ்சால் மேலிருந்து தண்ணீரை அடித்து விடும் முறையைப் பலர் சொல்கிறார்கள். தெரிந்தவர் கையில் அது மருந்து, மற்றவர் கையில் ஆபத்து. கொஞ்சம் அழுத்தம் கூடினால் ஹெட்டின் உள் தகடுகள் பிரிந்து ஒரு நிறம் இன்னொன்றோடு கலந்துவிடும். ஊசியாலும் குண்டூசியாலும் குத்துவது பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

கேனன், ஹெச்.பி. வகைக்கு வேலை சுலபம். கார்ட்ரிட்ஜையோ ஹெட்டையோ கழற்றி, ஒரு தட்டில் மடித்த டிஷ்யூவை கை பொறுக்கும் சூட்டிலுள்ள டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, துளைப் பக்கம் கீழே இருக்கும்படி அதன் மேல் இரண்டு நிமிடம் வைத்து எடுங்கள். செம்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும் மின் தொடர்பு நனையக்கூடாது. உலர்ந்த டிஷ்யூவில் ஒற்றினால் கோடு கோடாக நிறம் பதியும். கொதிநீர் வேண்டாம், உள்ளே ஒட்டியிருப்பது பசை. கேனன் டேங்க் மெஷின்களில் கறுப்பு மை பிக்மென்ட் வகை, நிறங்கள் டை வகை. டை என்பது சர்க்கரை போலத் தண்ணீரில் கரைந்தது, காய்ந்தாலும் மீண்டும் கரையும். பிக்மென்ட் என்பது மஞ்சள்தூள் போல மிதப்பது, காய்ந்தால் பிடிவாதம் அதிகம். ஆகவே கறுப்புக்கு இரண்டு மூன்று முறை ஆகலாம்.

பனியன் கம்பெனிகளுக்கு டி.டி.எஃப். பிரிண்ட் அடித்துக் கொடுக்கும் நம் இளைஞர்கள் சிலர், எல்1800 போன்ற மெஷின்களை அதற்காக மாற்றி ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளை மையில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு, சுவரில் அடிக்கும் வெள்ளை பெயிண்டில் இருக்கும் அதே பொடி. மற்ற மைகளை விடக் கனமானது, நிறுத்தி வைத்தால் அடியில் படியும். தினமும் குலுக்காமல், வெள்ளிக்கிழமை விடுமுறையிலும் ஒரு சோதனைத் தாள் அடிக்காமல் விட்டால் மேலே சொன்ன வைத்தியம் எதுவும் அதற்குப் பலிக்காது. அதற்கான கிளீனிங் திரவத்தை மை விற்பவரிடமே வாங்குங்கள்.

அடைப்பு வராமல் காப்பதற்குச் செலவே இல்லை. சுவர் சுவிட்சை அணைத்து பிரிண்டரை நிறுத்தும் பழக்கத்தை விடுங்கள். பிரிண்டரில் உள்ள பவர் பட்டனை அழுத்தி, ஹெட் வலது ஓரம் போய் மூடியில் அமர்ந்து விளக்கு அணைந்தபின்தான் சுவிட்சைத் தொட வேண்டும். நடுவில் கரண்ட் போய்விட்டால், வந்தவுடன் ஒருமுறை ஆன் செய்து முறையாக ஆஃப் செய்யுங்கள். வாரத்துக்கு ஒரு நாள், ஜும்ஆ தொழுது வந்ததும் என்று வைத்துக்கொண்டால் மறக்காது, நாலு நிறமும் உள்ள ஒரு தாள் அடித்துவிடுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் வாரம் இருமுறை. ஓடும் ஃபேனுக்கு நேர் கீழே மெஷினை வைக்க வேண்டாம். வீட்டில் மவுத்தோ பயணமோ வந்தால் அண்டை வீட்டார் சோறு கொண்டுவருவது போல, யாராவது ஒருவர் இந்த ஒரு தாளையும் அடித்து வைக்கலாம். அந்தச் சகோதரியின் நாலு மாதத்தில் எங்களுக்கு அது தோன்றவில்லை.

அவருடைய மெஷின் விஷயம் மூன்று நாள் பிடித்தது. முதல் நாள் ரப்பர் விளிம்பிலிருந்து எடுத்த பிசிரை உருட்டினால் ஒரு கடலைப் பருப்பு அளவு இருந்தது. அன்றிரவு ஊற வைத்ததில் நீலமும் கறுப்பும் திரும்பின. மறுநாள் மஞ்சள் வந்தது. மூன்றாம் நாள் சிவப்பில் நாலைந்து கோடுகள் தவிர மற்றவை விழுந்தன, அந்த நாலைந்து இன்னும் வரவில்லை. போட்டோ அடித்தால் தெரிகிறது, படிவத்துக்கும் அழைப்புக்கும் தெரிவதில்லை. இந்த வருட ஸஹர், இஃப்தார் நேர அட்டவணையை அவரிடமே அடிக்கக் கொடுத்திருக்கிறோம், கூலி பேசித்தான்.

டிஸ்டில்டு வாட்டர், டிஷ்யூ, காட்டன் பட்ஸ், ஒரு சிறிய டார்ச் லைட் ஆகியவை டிரஸ்ட் அலுவலகத்தில் ஒரு டப்பாவில் வைக்கப்பட்டுள்ளன. மூலையில் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் ஞாயிறு லுஹருக்குப்பின் எடுத்து வரலாம். மை எப்போது கடைசியாக நிரப்பினீர்கள், எத்தனை முறை கிளீனிங் கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், நாங்கள் திட்ட மாட்டோம். தூக்கி வரும்போது மெஷினைச் சாய்க்க வேண்டாம், மை கொட்டும்.